கொல்லத்துக்குத் தனிப் படம்: ரசிகர்களுக்கு ஏன் பாதி மனசு?

"லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் வரிசையில புதுப் படம் வருது. ரசிகர்னா துள்ளிக் குதிக்கணும். நீங்க எல்லாரும் ஏன் மாமா, பொண்ணு பார்க்க வந்துட்டு பஜ்ஜியில உப்பு இல்லைன்னு சொல்ற ஆளுங்க மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?"

கேட்டது என் அக்கா மகள். திருவான்மியூர் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் கேட்டாள். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். முப்பது வருடமாக இந்தக் கதையோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை என்று ராத்திரி தோன்றியது. அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன்.

முதலில் விவரம். படத்தின் பெயர் 'தி ஹண்ட் ஃபார் கொல்லம்', அதாவது கொல்லத்தைத் தேடும் வேட்டை. கொல்லம் என்பவன் கதையின் மந்திர மோதிரத்தை ஒரு காலத்தில் வைத்திருந்து, தொலைத்துவிட்டு, அதற்காக ஏங்கி அலைகிற ஜீவன். 2024 மே மாதம் அறிவித்தார்கள். 2026இல் வரும் என்றார்கள், பிறகு 2027 டிசம்பர் 17 என்று மாற்றினார்கள். இயக்குபவர் ஆண்டி செர்கிஸ், அதாவது கொல்லமாகவே நடித்தவர். இதிலும் கொல்லம் அவர்தான். தயாரிப்பில் பீட்டர் ஜாக்ஸன், ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் என்று பழைய மூவர் அணி. (கொல்லத்தின் பெயரைத் தமிழில் எழுதுவதே ஒரு தொல்லை. ஒரு மாதிரி எழுதினால் வாசலில் போடும் கோலம், இன்னொரு மாதிரி எழுதினால் எழும்பூரிலிருந்து ரயில் ஏறிப் போகிற ஊர். நான் ரயிலையே தேர்ந்தெடுத்துவிட்டேன்.)

சமையல்காரர்கள் எல்லாம் 2001, 2002, 2003இல் மூன்று விருந்து போட்ட அதே ஆட்கள். மூன்றாவது படம் போட்டியிட்ட பதினொரு பிரிவிலும் ஆஸ்கார் வாங்கியது. அப்புறம் என்ன பயம்? பயம் சமையல்காரர் மேல் இல்லை. கையில் இருக்கிற மளிகை எவ்வளவு என்பதில்தான்.

இந்தத் தேடல், மூலக் கதையை எழுதிய டோல்கீனின் நாவலில் 'நடப்பதே' இல்லை. நடந்து முடிந்த பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்கிறோம், அவ்வளவுதான். ஒரு தடவை கேண்டால்ஃப் என்கிற மந்திரவாதி, நாயகன் ஃப்ரோடோவிடம் அடுப்பருகே உட்கார்ந்து சொல்கிறார். இன்னொரு தடவை, சாவில்லாத எல்ஃப் இனத்தின் ஊரான ரிவெண்டெலில் கூடும் சபையில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்கிறார்கள். மொத்தமாகச் சேர்த்தால் சில பக்கங்கள். என்னிடம் இருப்பது திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய பிரதி. சபை அத்தியாயம் வரும் இடத்தில் முதுகு விட்டுப்போய், வீட்டில் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறேன். பசை வாசனைக்கு ராமபாணப் பூச்சி வந்து ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டது. ஆனால் அந்தச் சில பக்கங்களில் இருக்கிற சரக்கு கொஞ்சநஞ்சம் இல்லை.

கதை இதுதான். ஃப்ரோடோவை வளர்த்த பில்போ, தன்னிடம் இருந்த மந்திர மோதிரத்தை ஃப்ரோடோவிடம் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போன பிறகு கேண்டால்ஃபுக்குச் சந்தேகம் தட்டுகிறது. இந்த மோதிரம் முன்னால் யாரிடம் இருந்தது, அவன் இப்போது எங்கே? நாடோடி வீரன் அரகார்னின் துணையோடு வருடக்கணக்கில் தேடுகிறார். மிர்க்வுட் காட்டோரத்தில் வாழும் மனிதர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ரத்தம் குடிக்கிற பேய் ஒன்று வந்திருக்கிறதாம். மரமேறிக் கூட்டில் இருக்கிற குஞ்சுகளைத் தேடுமாம், வளைக்குள் நுழையுமாம், ஜன்னல் வழியாகத் தொட்டில் வரைக்கும் வருமாம். நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் பிள்ளைபிடிக்காரன் கதைக்குத் தாத்தா இது. அந்தப் பேய்தான் கொல்லம்.

வேட்டை தோற்கிறது. கேண்டால்ஃப் விட்டுவிட்டு மினாஸ் திரித் நகரத்துக்குப் போய்ப் பழைய சுவடிகளைப் புரட்டப் போய்விடுகிறார். அரகார்னும் கைவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு சேற்றுக் குட்டை ஓரத்தில், புதிதாகப் பதிந்த காலடித் தடத்தைப் பார்க்கிறான். பிணச் சதுப்பின் விளிம்பில் ஆளைப் பிடிக்கிறான். உடம்பெல்லாம் பச்சைப் பாசி. பிடித்ததும் கொல்லம் கடிக்கிறான். அரகார்னும் மென்மையாக நடந்துகொள்ளவில்லை என்று அவனே சபையில் ஒப்புக்கொள்கிறான். அந்த வாயிலிருந்து தனக்குக் கிடைத்தது பல் பதிந்த தடம் மட்டும்தான் என்கிறான். கழுத்தில் கயிறு, வாயில் துணி, பட்டினி போட்டுப் பணியவைத்து, முன்னால் நடக்கவிட்டு ஓட்டிக்கொண்டே வடக்கே போகிறான். அந்தத் திரும்பும் பயணம்தான் எல்லாவற்றிலும் மோசமானது என்கிறான்.

இவன்தான் நாளைக்கு அரசன். நாம் திரையில் பார்த்து விசிலடித்த அதே அரகார்ன். ஒரு பலவீனமான, பாதி பைத்தியமான ஜீவனைக் கயிற்றில் கட்டி மாடு ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டு வருகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே நான் டிக்கெட் எடுப்பேன். இந்த ஒரு காட்சியைத்தான் மழுப்பிவிடுவார்களோ என்றும் பயப்படுகிறேன்.

அப்புறம் நடப்பதுதான் இன்னும் அருமை. லெகோலாஸ் என்கிற எல்ஃபின் ஜனங்களிடம் கொல்லத்தை ஒப்படைக்கிறான். கேண்டால்ஃப் வந்து, நெருப்புப் பயம் காட்டித்தான் உண்மையைக் கறக்கிறார். இவன் ஏற்கெனவே எதிரி சௌரோனின் நாடான மோர்டோரில் மாட்டிச் சித்திரவதை பட்டு வந்தவன் என்பது அப்போதுதான் உறுதியாகிறது. ஆனாலும் இவன் திருந்தக்கூடும், நம்பிக்கையை விடாதீர்கள் என்று எல்ஃபுகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவர்களும் பாவம் பார்க்கிறார்கள். எந்நேரமும் இருட்டறையில் பூட்டி வைக்க மனசு வரவில்லை. வெயில் நல்லா இருக்கிற நாளில் காட்டுக்குள் கூட்டிப் போய், தனியாக நிற்கிற ஒரு உயரமான மரத்தில் ஏறவிடுகிறார்கள். உச்சிக் கிளையில் காற்று வாங்கட்டும் என்று. ஒரு நாள் ஏறினவன் இறங்க மாட்டேன் என்கிறான். கீழே காவல் உட்காருகிறார்கள். நிலவில்லாத அன்றைக்கு ராத்திரிதான் எதிரியின் அரக்க இனமான ஓர்க்குகள் வந்து தாக்குகின்றன. சண்டை முடிந்து பார்த்தால் மரம் காலி.

சபையில் லெகோலாஸ் இதைச் சொல்லும்போது க்ளோயின் என்கிற குள்ளர் ஒரு குத்து குத்துவார்: என்னிடம் இவ்வளவு கனிவு காட்டவில்லையே! அவரை முன்பு அதே எல்ஃபுகள்தான் சிறையில் வைத்திருந்தார்கள். டோல்கீனுக்கு நகைச்சுவை வராது என்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஆக, முதலிலிருந்து கடைசி வரை இது தோல்வியின் கதை. பல வருடத் தேடல், ஒரு கொடூரமான பயணம், எல்லாம் ஒரே ராத்திரியில் வீணாகிறது. வீணாவதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை, இரக்கம். அதே இரக்கம்தான் பெரிய கதையின் முடிவில், எரிமலை விளிம்பில், உயிரோடு விட்ட இந்தக் கொல்லத்தின் மூலமாகவே, உலகத்தைக் காப்பாற்றுகிறது. ரசிகர்களின் பாதி மனசு இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்டூடியோவின் டிசம்பர் ரிலீஸ், நாயகன் தோற்றுப்போய் வீட்டுக்கு வரும் படமாக இருக்க விடுவார்களா? கடைசி அரைமணி நேரத்துக்கு ஒரு பெரிய சண்டை வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த ஓர்க்குத் தாக்குதலை ஊதி ஊதி ஒரு போர்க்களமாக்கிவிட மாட்டார்களா?

மாட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறார்கள். டோல்கீனின் 'தி ஹாபிட்' இதற்கு முந்தைய கதை, சின்னப் புத்தகம், குழந்தைகளுக்கு எழுதியது. இரண்டு படமாக எடுப்பதாகச் சொல்லி, முதல் படம் வர ஐந்து மாதம் இருக்கும்போது, 2012 ஜூலையில், மூன்றாக்கினார்கள். முதலில் இயக்க இருந்த கில்லெர்மோ டெல் டோரோ 2010இலேயே விலகிப் போக, ஜாக்ஸன் போதிய தயாரிப்பு இல்லாமல் உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. புத்தகத்தில் இல்லாத லெகோலாஸ் வந்தார். எங்குமே இல்லாத தாரியல் என்கிற எல்ஃப் பெண் வந்தாள், அவளுக்கு ஒரு குள்ளனோடு காதலும் வந்தது. மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 300 கோடி டாலர் வசூல். காசு வந்தது, ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா மகளை முதன்முதலில் இந்த உலகத்துக்குக் கூட்டிப் போனது அந்த 'ஹாபிட்' படம்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் பக்கத்து ஸீட்டில் "இது புக்ல இல்ல, இதுவும் புக்ல இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். இடைவேளையில் பாப்கார்ன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, "மாமா, நீங்க வேணா வெளிய நில்லுங்க, நான் பார்த்துட்டு வர்றேன்" என்றாள். அடுத்த வருடம் தாரியல் வந்தபோது, வில்லை வைத்துக்கொண்டு வந்த அந்தப் பெண் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புத்தகத்தில் பெண்ணே இல்லை என்று ஒன்பது வயதுக்காரியிடம் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதனால் 'இல்லாததைச் சேர்த்தாலே பாவம்' என்கிற கட்சியில் நான் இல்லை. சேர்த்தது கதையின் போக்கில் வருகிறதா, போஸ்டருக்காக வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

நமக்கு இது புதுசும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023இல் வந்தபோது சென்னையில் எத்தனை வீட்டில் சண்டை! 1950இலிருந்து 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்து, பாட்டி வெட்டி பைண்டு பண்ணி வைத்த ஐந்து பாகம், இரண்டு படத்தில் அடங்குமா? மணிமேகலையே காணோம். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தையே எடுத்துவிட்டதால் கடைசிப் பட்டாபிஷேகத்தின் ருசியே மாறிப்போனது. எங்கள் அம்மா தியேட்டரில் கடைசி ரீலில் "இது என்னடா கூத்து" என்று சத்தமாகவே சொன்னார். அடுத்த வாரம் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு அதே படத்துக்கு மறுபடி போனார். ரசிகரின் மனசு எப்படி வேலை செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. கல்கியில் பிரச்சினை, கதை ஜாஸ்தி, நேரம் கம்மி. இங்கே பிரச்சினை நேர்மாறு: கதை கம்மி, நேரம் ஜாஸ்தி. இதைத் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். வெட்டும்போது இயக்குனரின் ரசனை தெரியும். நிரப்பும்போது அவருடைய கற்பனை எவ்வளவு என்பது தெரிந்துவிடும், அது ரொம்ப ஆபத்தான பரீட்சை.

அதிலும் நிரப்பக் கிடைக்கிற நல்ல சரக்கு ஒன்று இவர்கள் கைக்கு எட்டாது. டோல்கீன் விட்டுப்போன குறிப்புகளை அவர் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1980இல் வெளியிட்ட 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' என்கிற புத்தகத்தில்தான் இந்த வேட்டையின் நுணுக்கம் இருக்கிறது. அரகார்ன் கொல்லத்தை ஓட்டிக்கொண்டு நடந்தது கிட்டத்தட்ட 900 மைல், ஐம்பது நாள் என்கிற கணக்கு அங்கேதான் வருகிறது. கன்னியாகுமரியிலிருந்து ஹைதராபாத் தாண்டி நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சினிமா உரிமை விற்கப்பட்டது 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டுக்கும், அதன் பின்னிணைப்புகளுக்கும் மட்டும். மற்றதெல்லாம் குடும்பத்திடம். 2012இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைப் பேட்டியில் ஜாக்ஸன் படங்களைப் பற்றி கிறிஸ்டோஃபர் கசந்து பேசியவர். அவர் 2020இல் காலமானார். குடும்பம் பெட்டியைத் திறக்காத வரைக்கும், படத்துக்கு மிச்சம் அந்தச் சில பக்கங்களும் பின்னிணைப்பில் இருக்கும் தேதிகளும்தான்.

அடுத்தது, பழைய படங்களோடு ஒட்டுகிறதா என்கிற விஷயம். இதைப் பலர் கவனிக்கவில்லை. நாவலில் பில்போ போவதற்கும் ஃப்ரோடோ கிளம்புவதற்கும் நடுவே பதினேழு வருடம். 2001 படத்தில் அது ஏதோ சில மாதம் மாதிரி ஓடிவிடும், ஃப்ரோடோவுக்கு ஒரு முடிகூட வளர்ந்திருக்காது. அப்படியானால் இவ்வளவு பெரிய தேடலை எங்கே சொருகுவது? அதே படத்தில் கேண்டால்ஃப் ஃப்ரோடோவிடம், கொல்லத்தை எல்லா இடத்திலும் தேடினேன், எதிரி முந்திக்கொண்டான் என்று சொல்கிறார். சித்திரவதையில் என்ன உளறினான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லித் தெரிந்தது? படம் சொல்லவில்லை. இன்னொரு இடத்தில், படகுப் பயணத்தில், கொல்லம் மோரியா சுரங்கத்திலிருந்து நம்மைத் தொடர்ந்து வருகிறான், தண்ணீரில் படு கெட்டிக்காரன் என்று அரகார்ன் சொல்கிறான். பழைய பழக்கம் இருக்கிற ஆள் பேசுகிற தொனி அது. இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவே புதுக் கதையை அழகாக நுழைக்கலாம். எனக்கு நம்பிக்கை தருகிற இடமே அந்த ஓட்டைதான்.

ஃப்ரோடோவும் கேண்டால்ஃபும் படத்தில் உண்டு என்று, கேண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லனே 2025இல் ஒரு ரசிகர் விழா மேடையில் சொல்லிவிட்டார். கேண்டால்ஃப் சரி. இந்தத் தேடலில் ஃப்ரோடோவுக்கு நாவலில் ஒரு வேலையும் கிடையாது. கதை கேட்கிற ஆளாக உட்கார வைத்தால் பிழைத்தோம். அதைத் தாண்டி அவர் அலைய ஆரம்பித்தால் அன்றைக்கு எங்கள் டீக்கடைப் பெஞ்சில் ரகளை நடக்கும்.

அரகார்னாக யார் நடிப்பது என்கிற சண்டை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. விகோ மார்டென்சன் முதல் படத்தில் நடிக்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். பாத்திரத்துக்கு வயது 87, நெடுநாள் வாழும் வம்சம் என்பதால் அப்படித் தெரியாது. எந்த முகத்தையும் கொஞ்ச நேரத்தில் கண் பழகிக்கொள்ளும். எழுத்து சரியில்லை என்றால்தான் மூன்று மணி நேரமும் பழகாது.

செர்கிஸ் மேல் இருக்கிற நம்பிக்கையும் சந்தேகமும் சரிசமம். நடிகராக அவர் செய்ததை நான் நேரில் பார்த்தவன், அதாவது மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றின் முன்வரிசை ஸீட்டிலிருந்து. கொல்லம் தன்னோடு தானே பேசுகிற காட்சி. முதலில் அந்தக் குரலைக் கேட்டு தியேட்டரே சிரித்தது. பூனை தொண்டையில் சிக்கிய முடியைக் கக்குகிற சத்தத்திலிருந்து பிடித்த குரல் அது என்று பின்னால் படித்தேன். கேமரா இந்தப் பக்கம் போனால் கெட்டவன், அந்தப் பக்கம் போனால் அழுகிறவன். நாலாவது, ஐந்தாவது மாற்றத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் முறுக்குப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை அப்படியே வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் செய்த உருவம் ஒன்று மெட்ராஸ் கூட்டத்தை வாயடைக்க வைத்ததை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இயக்குனராக? 'ஹாபிட்' படங்களில் இரண்டாம் யூனிட்டை நடத்தியவர். தனியாக எடுத்ததில் 2018இன் 'மௌக்லி' தியேட்டர் ரிலீஸுக்கு முன்பே நெட்ஃப்ளிக்ஸுக்கு விற்கப்பட்டது, 2021இன் இரண்டாவது 'வெனம்' ஓடியது. இரண்டிலும் மிருகமும் மனிதனும் ஒரே உடம்பில் முட்டிக்கொள்கிற விஷயம் இருப்பதைக் கவனியுங்கள், அவருக்கு அது பிடித்த களம். பயம் வேறு: வில்லனுக்குத் தனிப் படம் எடுத்தால் அவனைப் பாவப்பட்டவனாக்கிக் கண்ணீர் விடவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கொல்லம் பாவப்பட்டவன்தான். ஆனால் தொட்டில் வரைக்கும் வந்தவனும் அவனேதான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால், எல்ஃபுகள் காட்டிய இரக்கத்துக்கு விலையே இல்லாமல் போய்விடும். நல்லவனுக்கு இரக்கம் காட்ட யாராலும் முடியும்.

இதே உலகத்துக் கதையாக 2024 டிசம்பரில் வந்த அனிமே படம் 'தி வார் ஆஃப் தி ரோஹிர்ரிம்' சத்தமில்லாமல் போனதும் இந்தக் கலக்கத்துக்கு ஒரு காரணம். உரிமை கைநழுவாமல் இருக்கத்தான் எடுத்தார்கள் என்று பேச்சு. எனக்கென்னவோ அந்தப் படம் அவ்வளவு மோசமில்லை.

இன்னொரு வேடிக்கை. இதே பெயரில், இதே கதையை, 2009இல் இங்கிலாந்தில் சில ரசிகர்கள் சேர்ந்து மூவாயிரம் பவுண்டு செலவில் சுமார் நாற்பது நிமிடப் படமாக எடுத்து இலவசமாகவே இணையத்தில் போட்டார்கள். 2024இல் பெரிய அறிவிப்பு வந்த கையோடு அது யூடியூபிலிருந்து காணாமல் போனது. ரசிகர்கள் கூச்சல் போட்டதும் திரும்பி வந்தது. காடு, சேறு, ஒரு கோணிப்பை, அதற்குள் துள்ளுகிற ஏதோ ஒன்று, அதைச் சுமந்து நடக்கிற ஒருவன். பெரும்பாலும் அவ்வளவுதான் அந்தப் படம். அந்தக் கோணிப்பையைப் பார்த்துவிட்டு என் நண்பன் சொன்னான்: "மச்சி, இதுக்கு மேல இந்தக் கதைக்கு என்னடா செலவு?"

ஆகவே, மகளே, துள்ளிக் குதிக்காததற்குக் காரணம் படம் வேண்டாம் என்பதில்லை. எங்களுக்குப் படம் வேண்டும், சேறும் கயிறும் பல் தடமும் மரமும் இருக்கிற அந்தப் படம். கிடைக்கப்போவது அதுவா, வேறா என்று டிசம்பர் வரைக்கும் தெரியாது. முதல் நாள் போகிறேன், உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன்.

அதுவரை அந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் படித்து வை. முதல் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம், இரண்டாவது புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம், இரண்டும் ஒரே தொகுதிக்குள்தான் இருக்கின்றன. என் பிரதியைத் தருகிறேன். சபை அத்தியாயத்தில் மைதா ஒட்டின பக்கத்தை இழுக்காதே, மெதுவாகப் பிரி. போன தடவை நீ இழுத்ததில்தான் க்ளோயினின் அந்த வசனத்தில் பாதி கிழிந்துவிட்டது.